கூடைப்பந்தின் தந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

கூடைப்பந்து ஆட்டத்தில் களத்தில் ஓடியாடுவோர் பத்துப் பேர். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு அதிகமாகப் பேசப்படுபவர் பெரும்பாலும் அந்தப் பத்துப் பேரில் ஒருவரல்லர். விசில் பிடித்த நடுவரே. அதிகாலையில் எழுந்து, அமெரிக்காவின் என்.பி.ஏ. இறுதிக்கட்டப் போட்டிகளைக் கைபேசியில் பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் நம் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கக் கூடாத ஃபவுலைக் கொடுத்தார், கொடுக்க வேண்டியதை விட்டுவிட்டார், யாரும் தொடாமலேயே அந்த வீரர் விழுந்து நடித்தார் என்று முதல் வகுப்பின் மணி அடிக்கும் வரை வழக்காடுவார்கள்.

இந்த வழக்குக்கு வயது என்ன? ஆட்டத்தின் வயது எதுவோ அதுவே. கூடைப்பந்து பிறந்த அன்றே அடிதடியும் பிறந்தது. அதை அடக்க நடுவரும் பிறந்தார். இதை நமக்கு உணர்த்துவது, அந்த ஆட்டத்தைப் படைத்த மாமனிதரின் வாழ்க்கை. அவர்தான் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

பெற்றோரை இழந்த பிள்ளை

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் அல்மாண்ட் என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகே 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய எளிய மக்கள். 1870-இல் டைபாய்டு காய்ச்சல் அக்குடும்பத்தைத் தாக்கியது. சில வாரங்களுக்குள் தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். ஒன்பது வயதுச் சிறுவன் அநாதையானான். பின்னர் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தான்.

பண்ணை வேலை, மரம் வெட்டுதல், குதிரைகளைப் பராமரித்தல் ஆகியவையே இளமைக் கல்வி. ஏறத்தாழ 15 வயதில் பள்ளியை விட்டு நின்று மரம் வெட்டும் தொழிலுக்குப் போனார். ஆண்டுகள் ஓடின. படிப்பின் அருமை உணர்ந்து மீண்டும் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 20. தம்மைவிட மிக இளைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார அவர் வெட்கப்படவில்லை. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கும் இப்போது வயது 20. நெய்ஸ்மித்தின் வரலாற்றைப் படித்தபோது என்னை முதலில் நிறுத்தி வைத்தது அவர் கண்டுபிடித்த ஆட்டமன்று. இந்த வயதில் அவர் மீண்டும் பள்ளிப் பலகையில் போய் அமர்ந்த செய்திதான்.

அவருடைய சிற்றூரில் பிள்ளைகள் கல்லெறியும் ஆட்டம் ஒன்று ஆடுவார்கள். பெரிய பாறை மீது ஒரு சிறு கல்லை வைத்து, தொலைவிலிருந்து வேறு கல்லால் அதை அடித்துத் தள்ள வேண்டும். வேகமாக எறிந்தால் கல் நெடுந்தொலைவு போய் விழும். எடுத்துவர ஓட வேண்டும். மெல்ல வளைத்து எறிபவனே வென்றான். இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

ஒரு வசைச்சொல் காட்டிய வழி

உயர்நிலைப் பள்ளியை முடித்து, மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெற்றார். அதன்பின் சமயக் கல்லூரியில் பயின்று 1890-இல் தேர்ச்சி பெற்றார். போதகராகப் பணியாற்ற வேண்டும் என்பதே திட்டம். ஆனால் அவர் நல்ல விளையாட்டு வீரருங்கூட. போதகராகப் போகிறவன் முரட்டுத்தனமான கால்பந்தாட்டத்தில் இறங்கலாமா என்று உடன் பயின்றோர் சிலர் வருந்தினர்.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, அவர் பக்கத்தில் ஆடிய வீரர் ஒருவர் நிதானமிழந்து வசைமாரி பொழிந்தார். திரும்பிப் பார்த்தார், நெய்ஸ்மித் நிற்பதைக் கண்டார், அவர் அங்கே இருப்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நெய்ஸ்மித் அவரை ஒரு வார்த்தைகூடக் கண்டித்திருக்கவில்லை. ஒழுங்காக ஆடும் ஒருவன் பக்கத்தில் நின்றாலே இன்னொருவன் தன்னை அடக்கிக்கொள்கிறான் என்றால், நல்லொழுக்கத்தைப் பிரசங்க மேடையிலிருந்து மட்டுமா கற்பிக்க முடியும்? ஆடுகளத்திலிருந்தும் கற்பிக்கலாமே! இந்த எண்ணமே அவர் வாழ்வைத் திருப்பியது. 1890-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகருக்குச் சென்று, அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார்.

14 நாள் கெடு

1891-ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே பனி. கால்பந்து ஆட முடியாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குள் தண்டால், கழி வீச்சு போன்ற பயிற்சிகளையே நாள்தோறும் செய்து மாணவர்கள் சலித்துப்போயினர். அவர்களில் 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு யாருக்கும் அடங்காதது எனப் பெயரெடுத்தது. முன்னரே இருவர் அவ்வகுப்பை நடத்தித் தோற்றிருந்தனர். தலைவர் லூதர் குலிக் அந்த வகுப்பை 30 வயது நெய்ஸ்மித்திடம் ஒப்படைத்து, கூடத்துக்குள் ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை 14 நாட்களுக்குள் உருவாக்கச் சொன்னார்.

முதலில் அவர் தெரிந்த ஆட்டங்களையே உள்ளே கொண்டுவந்து பார்த்தார். கால்பந்தில் கையும் காலும் அடிபட்டன. கனடாவில் கழியும் வலையும் கொண்டு ஆடும் லக்ராஸ் ஆட்டமோ இன்னும் மோசம். பிறகுதான் ஓர் அறிவியலாளரைப் போல் சிந்தித்தார். ஆட்டங்களில் முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தை ஏந்திக்கொண்டு ஓடுபவனைத் தடுக்க அவனைப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் பந்தோடு ஓடுவதையே தடை செய்துவிட்டால்? பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த கேள்வி: இலக்கு எப்படி இருக்க வேண்டும்? கால்பந்து இலக்கைப் போல் நிமிர்ந்து நின்றால், பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. அங்கே முரட்டுப் பலத்துக்கே வெற்றி. இங்கேதான் சிறுவயதுக் கல்லெறி ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாய் மேல்நோக்கியிருக்கும்படி படுக்கையாக வைத்தால், பந்து மேலெழுந்து வளைந்து இறங்கினால்தான் உள்ளே விழும். எறிபொருள் செல்லும் பரவளையப் பாதையைப் பற்றி முதலாண்டிலேயே படித்த நமக்கு இது எளிதில் விளங்கும். வேகம் பயன்படாது, கோணமும் நிதானமுமே பயன்படும். முரட்டுத்தனத்தைத் தண்டிப்பதற்கு முன்பே அதைப் பயனற்றதாக்கிவிட்டார் நெய்ஸ்மித். அவருடைய அறிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலக்காக மாட்டுவதற்குப் பெட்டிகள் கேட்டார். கட்டடக் காவலரிடம் பெட்டிகள் இல்லை; பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகள்தான் இருந்தன. அவற்றைக் கூடத்தின் மாடத்துக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். மாடத்தின் உயரம் 10 அடி. இன்றுவரை வளையத்தின் உயரம் அதுவே! கூடைக்குள் பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். கூடையும் பந்தும் சேர்ந்தன. ஆட்டத்துக்குப் பெயரும் கிடைத்தது.

13 விதிகள்

1891 டிசம்பரில் அறிவிப்புப் பலகையில் 13 விதிகள் ஒட்டப்பட்டன. பந்தைக் குத்தக் கூடாது, பந்தோடு ஓடக் கூடாது என்பன போன்ற ஆட்ட முறைகள் அவற்றில் உண்டு. நம் பொருளுக்கு வேண்டியவை வேறு சில.

ஐந்தாம் விதியின்படி, எதிராளியைத் தோளால் இடிப்பதும் பிடிப்பதும் தள்ளுவதும் காலை இடறுவதும் அடிப்பதும் குற்றம். முதல் முறை செய்தால் ஃபவுல். இரண்டாம் முறை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தது தெரிந்தால் ஆட்டம் முழுவதும் வெளியே. அவருக்குப் பதிலாக வேறொருவரும் இறங்க முடியாது. ஏழாம் விதியின்படி, ஓர் அணி தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். அதாவது ஒருவனின் முரட்டுத்தனத்துக்கு அணி முழுவதும் விலை கொடுக்க வேண்டும்.

பத்தாம், பதினோராம் விதிகள் நடுவர்களைப் பற்றியவை. ஒருவர் அல்லர், இருவரை நியமித்தார் நெய்ஸ்மித். ஒருவர் ஆட்களைப் பார்க்க வேண்டும். ஃபவுல்களைக் குறித்துக்கொண்டு, வேண்டுமானால் வெளியேற்ற வேண்டும். மற்றவர் பந்தைப் பார்க்க வேண்டும். எல்லையையும் நேரத்தையும் கோல்களையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே மனிதனின் இரு கண்களால் பந்தையும் பத்துப் பதினெட்டு ஆட்களையும் ஒருசேரப் பார்க்க முடியாது என்பதை முதல் நாளே அவர் உணர்ந்திருந்தார். நடுவரைத் திட்டுவோர் இன்றும் உணராத உண்மை இது.

முதல் நாளே மூண்ட சண்டை

அணிக்கு ஒன்பது பேராக 18 பேரும் களம் இறங்கினர். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். வில்லியம் சேஸ் என்ற மாணவர் அதைப் போட்டார். ஆனால் ஆட்டம் அமைதியாக நடக்கவில்லை. அந்தத் தொடக்க நாளை 1939 ஜனவரியில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நெய்ஸ்மித்தே நினைவுகூர்ந்தார். மாணவர்கள் ஒருவரையொருவர் பிடித்து இழுத்து, உதைத்து, குத்திக்கொண்டனராம். அவர் விலக்கிவிடுவதற்குள் சிலருக்குக் கண் வீங்கியது; ஒருவருக்குத் தோள்மூட்டு விலகியது; ஒருவர் நினைவிழந்தார். விதிகளைச் செம்மைப்படுத்திய பின்னரே, குறிப்பாகப் பந்தோடு ஓடக் கூடாது என்பதை உறுதியாக்கிய பின்னரே, ஆட்டம் ஒழுங்குக்கு வந்தது. பிறகோ, அடங்காத அந்த 18 பேரும் ஆட்டத்தை விட மறுத்தனர்!

பார்வையாளர்களும் சும்மா இருக்கவில்லை. மாடத்தில் நின்றவர்கள் கையை நீட்டி எதிரணியின் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கவே சில ஆண்டுகளுக்குள் கூடைக்குப் பின்னால் பலகை வந்தது. இன்று பலகையில் பட்டுத் திரும்பும் பந்துக்காகத் தாவும் வீரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பலகை இரசிகர்களின் குறும்பைத் தடுக்க வந்த வேலி என்பது?

தோற்ற பயிற்சியாளர், நிமிர்ந்த ஆசிரியர்

ஆட்டம் காட்டுத்தீ போல் பரவியது. அந்த முதல் வகுப்பு மாணவர்களே அதை நாடு நாடாகக் கொண்டுசென்றனர். டங்கன் பேட்டன் என்பவர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். நெய்ஸ்மித்தோ ஆட்டத்தை வைத்துப் பணம் பண்ண நினைக்கவில்லை. டென்வர் நகரில் மருத்துவம் பயின்று, 1898-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பொறுப்பேற்றார்.

அங்கே 1907 வரை கூடைப்பந்து அணியை நடத்தினார். வென்றவை 55, தோற்றவை 60. புகழ்பெற்ற அப்பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுதியாகக் கொண்டவர் இவர் ஒருவரே. ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்த நிலை! அவர் இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. கூடைப்பந்து ஆடி மகிழ்வதற்கானது. அதற்குத் தனியே பயிற்சியாளர் தேவையில்லை என்பது அவர் கொள்கை. தொடக்க காலத்தில் சில ஆட்டங்களுக்குத் தாமே நடுவராகவும் நின்றார். தோல்வியின் கசப்பும் விசிலின் பாரமும் இரண்டும் அவர் அறிந்தவை.

1933-இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் கான்சாஸில் சேர்ந்தார். நிறவேற்றுமை காரணமாக அவர் பல்கலைக்கழக அணியில் ஆட முடியவில்லை. நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, பயிற்சியாளர் பணிக்கு ஆயத்தம் செய்தார். மெக்லெண்டன் பின்னாளில் பயிற்றுவித்த டென்னசி அணி 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து தேசியப் பட்டம் ஒன்றை வென்றது. களத்துக்குள் ஒருவனை விடாமலே தடுக்கும் விதியைவிடப் பெரிய ஃபவுல் உண்டா? அந்த ஃபவுலை நெய்ஸ்மித் கண்டார். தம்மால் இயன்றதைச் செய்தார்.

பெர்லினில் மழை

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. 74 வயது நெய்ஸ்மித் அங்குச் செல்லப் பயிற்சியாளர்கள் சங்கம் நிதி திரட்டித் தந்தது. எஸ்டோனியாவும் பிரான்சும் மோதிய முதல் ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை மேலே எறிந்தவர் அவரே. இறுதியாட்டம் திறந்தவெளி டென்னிஸ் களத்தில், கொட்டும் மழையில், சேற்றில் நடந்தது. பந்தைத் தரையில் தட்டி ஓட முடியவில்லை. அமெரிக்கா 19, கனடா 8. ஒன்று அவரை ஏற்றுக்கொண்ட நாடு; மற்றொன்று அவரைப் பெற்ற நாடு. இரண்டு நாட்டு வீரர்களுக்கும் பதக்கம் வழங்கும் பேறு அவருக்குக் கிடைத்தது.

1939 நவம்பர் 28 அன்று கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் தம் 78-ஆம் வயதில் அவர் மறைந்தார். அறிவிப்புப் பலகையில் அவர் ஒட்டிய அந்த 13 விதிகளின் தாள்கள் 2010-இல் 43 இலட்சம் டாலருக்கு ஏலம் போயின. தம் ஆட்டத்தால் பொருள் சேர்க்காத மனிதரின் இரண்டு தாள்களுக்கு அந்த விலை!

அவருக்குப் பின்

நடுவர்கள் தவறே செய்வதில்லை என்று சொல்ல நான் வரவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்கா 50–49 என முன்னணியில் இருந்தபோது கடைசி மூன்று விநாடிகள் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டன. மூன்றாம் முறை சோவியத் வீரர் அலெக்சாண்டர் பெலோவ் கோல் போட, 51–50 என ஆட்டம் மாறியது. முறையீட்டுக் குழு 3–2 என்ற வாக்கில் முடிவை உறுதி செய்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை ஏற்கவில்லை. 2007-இல் டிம் டோனகி என்ற என்.பி.ஏ. நடுவர் தாம் விசில் பிடித்த ஆட்டங்களிலேயே சூதாடியது வெளிப்பட்டு, மறு ஆண்டு 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இரசிகர்களின் ஐயம் எப்போதும் ஆதாரமற்றதன்று.

ஆனால் வீரர்கள் மட்டும் தூயவர்களா? யாரும் தொடாமலே விழுந்து நடுவரை ஏமாற்றுவோர் பெருகியதால், 2012–13 பருவத்திலிருந்து அத்தகைய நடிப்புக்கு என்.பி.ஏ. அபராதம் விதிக்கத் தொடங்கியது. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் நடுவர்கள் செய்த தவறுகளை 2015 முதல் அதுவே வெளிப்படையாக அறிவித்தும் வருகிறது. நடுவரின் தவறு மறுநாள் ஊரறிய வெளியாகிறது. ஆனால் ஏமாற்றிய வீரர் தாமே முன்வந்து ஒப்புக்கொள்வதை எங்கேனும் காண்கிறோமா?

நம் நாட்டில் ஒருவர் அப்படி நேர்மை காட்டினார், ஆட்டம் வேறு. 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் பாப் டெய்லர் அவுட் என நடுவர் அறிவித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று கருதிய இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத், நடுவரிடம் கேட்டுக்கொண்டு டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயான் போத்தமும் நிலைத்து நின்று ஆடினர். இந்தியா அந்த ஆட்டத்தில் தோற்றது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்தத் தோல்வியையா, விஸ்வநாத்தின் நேர்மையையா?

நந்தனத்துக்கு வந்த விதிநூல்

மறைமலை நகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே தாம்பரமும் கிண்டியும் கடந்து சென்னைக்குச் செல்லும் பேருந்து, அடையாற்றின் மீதுள்ள மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டிச் சைதாப்பேட்டை வழியாக நந்தனத்தை அடையும். அங்கே மரங்கள் சூழ்ந்த வளாகத்தில் இருப்பது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1920-இல் அதனை நிறுவியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். நெய்ஸ்மித் ஆட்டத்தைப் படைத்த அதே ஸ்பிரிங்பீல்டு பள்ளியில் பயின்றவர் அவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துச் சென்ற அவர், பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து ஒரு நூலாகவும் வெளியிட்டார். 1943-இல் சென்னையிலேயே காலமானார். நம் பள்ளி, கல்லூரி மைதானங்களில் விசில் பிடித்த உடற்கல்வி ஆசிரியர்கள் பல தலைமுறையாக அங்கே பயின்று வந்தவர்கள். ஸ்பிரிங்பீல்டுக்கும் நமக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

நாம் செய்யத்தக்கது

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியைக் காணச் சென்றிருந்தேன். கடைசி நிமிடத்தில் வளையத்தை நோக்கித் தாவிய நம் வீரரின் கை இழுக்கப்பட்டது, விசில் ஒலிக்கவில்லை, ஒரு புள்ளியில் தோற்றோம். அநீதிதான். ஆனால் அதன்பின் நடந்தது அதைவிட வருத்தம் தந்தது. வென்றவர்கள் கைகொட்டிக் கேலி செய்தனர்; தோற்றவர்கள் பந்தை உதைத்தனர்; பார்வையாளர் கூட்டம் நடுவரைச் சூழ்ந்தது. அந்த நடுவர் நம்மைப் போன்ற ஒரு மாணவர். மறுவாரம் அங்கே விசில் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நடுவர் தவறினால் ஓர் ஆட்டம் கெடும். நடுவரே இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நடுவர் என்ற சொல்லிலேயே அந்த நடு இருக்கிறது. அந்த நடுவில் நின்று பார்த்தவருக்குத்தான் அதன் கடினம் தெரியும். ஆகவே நம் விளையாட்டு மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அணியில் இடம்பெறும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்புகளுக்கிடையேயான ஆட்டம் ஒன்றுக்கு நடுவராக நிற்க வேண்டும் என்று விதி செய்யலாம். முன்னதாக உடற்கல்வித் துறையினர் இரண்டு மாலைகள் விதிகளைக் கற்பித்தால் போதும். இதற்குச் செலவும் இல்லை.

நெய்ஸ்மித் ஆட்டத்தைப் படைத்தார், ஆடுவோருக்கு வழிகாட்டினார், தோற்றார், விசிலும் பிடித்தார். பந்தைத் தொடும் கை ஒருமுறை விசிலையும் தொடட்டும். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.